மச்சானுக்கு ஒரு கடல் ரீல்

நான் ஒரு பொய் சொன்னேன். அதனால் ஒரு கடைக்காரருக்கு ஏமாற்றுக்காரர் என்று பேர் வந்தது. என் மச்சான் அமல்ராஜுக்கு இருந்த நல்ல சிநேகிதம் ஒன்று அறுந்தது. எனக்கு மட்டும் எதுவும் ஆகவில்லை. பல வருஷம் நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன்.

போன வாரம் இந்தப் பத்தியில் என் முதல் பள்ளிக்கூட அனுபவத்தை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு சின்னசேலத்திலிருந்து ஒரு வாசகர் கூப்பிட்டார். "உங்கள மாதிரி ஒளிவு மறைவு இல்லாத ஆளுங்க இப்ப கம்மிங்க சார்" என்றார். போனை வைத்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆகவே இந்த வாரம் இது.

அணைக்கரையில் ஒரு நடுப்பகல்

கல்வராயன் மலையடிவாரத்தில், கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் கோமுகி அணை. கொரோனா வருவதற்குக் கொஞ்சம் முன்பு, நல்ல வெயில் நாள். அமல்ராஜ் கரையில் நின்று தூண்டில் போட்டுக்கொண்டிருந்தான். அவன் என் மனைவி ஸ்டெல்லாவின் தம்பி. வெள்ளிமலையில் ஜீப் வைத்திருக்கிறான். மலையிலிருந்து குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியும் சாமையும் ஆட்களும் ஏற்றி இறக்குவது தொழில். சவாரி இல்லாத நாளில் மீன்குத்தகைக்காரரிடம் சொல்லிவிட்டு அணைக்கு வந்துவிடுவான்.

நான் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, கரைக்கல்லில் உட்கார்ந்து, அவனுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் எதற்கும் என்னிடம் யோசனை கேட்பான். தண்ணீருக்குப் போர் எங்கே போடுவது, மகளை எந்தப் படிப்பில் சேர்ப்பது, ஜீப்புக்கு எந்த டயர் வாங்குவது, எல்லாவற்றுக்கும். நான் முப்பது வருஷத்துக்கு மேல் அறிவியல் பாடம் எடுத்தவன். தெரியாததற்கும் பதில் சொல்லிப் பழகிவிட்டது.

ஒரு பெரிய கட்லா மீன் மாட்டியது. கோல் வளைந்தது. கரையில் நின்ற நாலு பேர் கிட்டே வந்தார்கள். அமல்ராஜ் ரீலைச் சுற்றினான். கரகரவென்று ஒரு சத்தம், மணலை மென்றது போல. அப்புறம் கைப்பிடி நின்றுவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. மீன் ஒரு இழுப்பு இழுத்தது. தூண்டில் நரம்பு அறுந்தது. நின்றவர்களில் ஒருவர் சிரித்தார்.

அமல்ராஜ் ரீலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு வழக்கம்போல் என்னைப் பார்த்தான்.

"இன்னா மாமா இது? புதுசு தானே?"

எனக்குத் தெரியும். அந்த நிமிஷமே தெரியும். நான் ரீலை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, பரிசோதிப்பது போல நடித்து, "போலி பேரிங்கு. கடைக்கார பாய் உன் தலையில கட்டிட்டாரு" என்றேன்.

ரீல் என்பது யாதெனில்

ரீல் என்றால் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. தூண்டில் கோலின் அடியில் தொங்கும் சின்ன இயந்திரம் அது. உள்ளே பல்சக்கரங்கள், பேரிங்குகள். கைப்பிடியைச் சுற்றினால் நரம்பு உருளையில் ஏறும். பெரிய மீன் இழுத்தால் நரம்பை அளவாக விட்டுக்கொடுக்க ஒரு பிரேக் இருக்கும். கைக்கடிகாரத்தையும் கிணற்று உருளையையும் சேர்த்துச் செய்ததுபோல் இருக்கும். அணைக்கு ஒரு வகை, கடலுக்கு வேறு வகை. கடல் வகைக்கு உப்புத் தண்ணீர் உள்ளே போகாமல் தடுக்கும் ரப்பர் வளையங்கள் இருக்க வேண்டும்.

அமல்ராஜின் ரீல் அணைக்கானது. கடலூர் பழைய துறைமுகத்துப் பக்கம் தூண்டில் சாமான் கடை வைத்திருந்த காசிம் பாய்தான் அதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். எப்போதோ கிழங்கு லோடு இறக்கப் போன இடத்தில் இருவருக்கும் பழக்கம். அதற்கப்புறம் வருஷம் ஒருமுறை, அறுவடைச் சவாரிகள் ஓய்ந்ததும், அமல்ராஜ் நாலைந்து நாள் கடலூர் போய்விடுவான். பாய் தன்னுடைய பெரிய ரீலைக் கொடுத்து அவனைக் கடற்கரைக்குக் கூட்டிப்போவார். மலையில் பிறந்து வளர்ந்தவன் அலைக்கு முன் நின்று கொடுவா மீன் பிடித்த கதையை எங்கள் வீட்டில் உட்கார்ந்து சொல்லும்போது அவன் முகமே வேறாக இருக்கும்.

அணை ரீலைக் கொடுக்கும்போது பாய் தெளிவாகச் சொல்லியிருக்கிறார், இதைக் கடலுக்குக் கொண்டு வராதே என்று. நான் இரவல் கேட்டபோது அமல்ராஜ் அதை என்னிடமும் சொன்னான்.

"அணைக்குத்தான்டா" என்றேன் நான்.

விளக்கெண்ணெய்

உண்மையில் நான் போனது பரங்கிப்பேட்டைப் பக்கம், ஒரு பழைய மாணவனின் புதுவீட்டு விசேஷத்துக்கு. 'சார் மீனெல்லாம் பிடிப்பாரு' என்று அவன் நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லிவைத்திருந்தான். அவர்கள் முன்னால் கோலோடு போய் நிற்க எனக்கு ஆசை. வயது அறுபதைத் தொட்டும் அந்த ஆசை விடவில்லை.

கடற்கரையில் வேட்டியை மடித்துக் கட்டுவதற்காகக் கோலை ஈரமணலில் வைத்தேன். ஒரு அலை வந்து ரீலை உருட்டிவிட்டுப் போனது. எடுத்து உதறிவிட்டு மறுபடி வீசினேன். பிடித்தது ஒரே ஒரு கெளுத்தி. அதுவும் முள்ளால் என் விரலைக் குத்தியது.

எங்கள் பக்கத்தில் தூண்டில் போடுகிறவர்கள் யாரும் ரீலைக் கழுவுவதில்லை. ஏரித் தண்ணீரை உதறிவிட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டுவார்கள், அவ்வளவுதான். நானும் மாட்டினேன். சில நாள் கழித்துச் சுற்றிப் பார்த்தால் இறுக்கமாக இருந்தது. கதவுக் கீலோ வண்டி அச்சோ, எங்கள் ஊரில் எது முனகினாலும் விளக்கெண்ணெய்தான். கிடைத்த சந்திலெல்லாம் ஊற்றினேன். வழுவழுவென்று சுற்றியது. துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். உள்ளே போன உப்பு அந்த எண்ணெய்க்கு அடியில் பத்திரமாக உட்கார்ந்து உலோகத்தைத் தின்றது. எண்ணெய் பிசினாகி மற்றதை ஒட்டவைத்தது.

உப்புத் தண்ணீரில் ஆணியைப் போட்டு, இரும்பு எப்படித் துருவாகிறது என்று வருஷந்தவறாமல் பிள்ளைகளுக்குக் காட்டியவன் நான். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னையே அறையலாம்போல் இருக்கிறது.

சரி, இதுவரை நடந்தது மடத்தனம். அணைக்கரையில் நான் சொன்னதுதான் பாவம். அமல்ராஜ் என் பேச்சை நம்பினான். அடுத்த வாரமே கடலூர் போய், கடையில் ஆட்கள் இருக்கும்போது ரீலை மேஜையில் போட்டு, பாயை ஏமாற்றுக்காரர் என்று சொல்லிவிட்டு வந்தான். வந்து என்னிடம் சொன்னான். பேசக்கூடாததெல்லாம் பேசிவிட்டேன் மாமா என்றான்.

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். "சரியாத்தான் செஞ்ச" என்றேன்.

ஒலியில்லாத கடல்

அதோடு அவன் கடலுக்குப் போவது நின்றது. அதைப் பற்றி அவன் பேசவும் இல்லை. கொரோனா வந்தது, போனது. சவாரி படுத்தது, எழுந்தது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் பூசை முடிந்து எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, அவன் கூடத்தில் படுத்தபடி போன் பார்த்துக்கொண்டிருந்தான். தண்ணீர் எடுக்கப் போன நான் தற்செயலாகக் கவனித்தேன். யாரோ ஒருவர் அலைக்கு முன் நின்று தூண்டில் வீசும் படம். ஒலியைச் சுத்தமாகக் குறைத்து வைத்திருந்தான். முடிந்ததும் திரும்ப முதலிலிருந்து பார்த்தான்.

அன்றைக்கு ஒரு முடிவுக்கு வந்தேன். அவனுக்குச் சொந்தமாக ஒரு கடல் ரீல் வாங்கிக் கொடுத்துவிடுவது. அவனிடம் ரீல் இருந்தால் யாரையும் நம்பி இருக்க வேண்டியதில்லை, தானாகவே கடலுக்குப் போவான். கணக்கு நேராகிவிடும்.

இதில் உண்மையைச் சொல்வது என்ற பகுதி எங்கே என்று கேட்பீர்கள். அதை நான் என்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

அலகு இல்லாத எண்கள்

ஓய்வூதியக்காரன் கட்டுப்படியாகும் விலையில் கடலுக்கு ஒரு ரீல் வாங்குவது எவ்வளவு எரிச்சலான வேலை என்பது அதில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. விலை கூடியவற்றில் குழப்பமே இல்லை. வாங்க முடியாது, அவ்வளவுதான். குழப்பமெல்லாம் கம்மி விலையில்தான்.

முதலில் எண்கள். இரண்டாயிரம், நாலாயிரம், ஆறாயிரம் என்று ரீலுக்கு ரீல் ஒரு எண். நாலாயிரம் என்றால் நாலாயிரம் என்ன? மீட்டரா, கிராமா, சுற்றா? ஒன்றும் இல்லை. சும்மா நாலாயிரம். ஒரு கம்பெனியின் நாலாயிரம் இன்னொரு கம்பெனியின் மூவாயிரத்தைவிடச் சின்னதாக இருக்கிறது. அலகு எழுதாத விடைக்கு நான் மதிப்பெண் கொடுத்ததே இல்லை. இங்கே ஒரு தொழிலே அலகில்லாமல் நடக்கிறது.

அடுத்தது பேரிங்கு. பத்து ப்ளஸ் ஒன்று, பதிமூன்று ப்ளஸ் ஒன்று என்று பெட்டி மேலேயே அடித்திருப்பார்கள். அந்த ஒன்றைத் தனியாகப் பிரித்து எழுதுவானேன் என்று யாரிடம் கேட்டாலும் பதில் இல்லை. பதிமூன்று இருந்து என்ன? துருப்பிடிக்கிற பதிமூன்றைவிட, மூடி போட்ட நாலு நல்லது. இதைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு மாதம் போனது.

'உப்புத் தண்ணீருக்கு உகந்தது' என்று எழுதாத ரீலே இல்லை. பொம்மைக் கடையில் தொங்குகிற ரீலிலும் அது இருக்கிறது. வாங்கினவர்களின் அபிப்பிராயத்தைப் படித்தால், 'பேக்கிங் அருமை, கொண்டு வந்த தம்பி மரியாதையாகப் பேசினார்' என்று ஐந்து நட்சத்திரம். கடலில் ஒரு வருஷம் ஓடியதா, அதைச் சொல்லய்யா என்றால் ஒருத்தனும் சொல்வதில்லை. யூடியூப்பில் பேசும் இளைஞர்கள் பெட்டியைப் பிரிப்பதற்கே பாதி நேரம் எடுத்துக்கொள்கிறார்கள். பிரித்து, கையில் வைத்து நாலு சுற்றுச் சுற்றி, 'வேற லெவல்' என்கிறார்கள். மேஜை மேல் சுற்றினால் எல்லா ரீலும் வேற லெவல்தான்.

கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் ஒரு கடையில் கேட்டேன். எங்கள் ஊரிலிருந்து கடல் வெகுதூரம் என்பதை அந்தக் கடைக்காரரிடம் பேசும்போதுதான் முழுசாக உணர்ந்தேன். எல்லாத் தண்ணிக்கும் ஓடும் சார் என்றார். கடலுக்கு ஓடுமா என்றேன்.

"கடலும் தண்ணிதானே சார்" என்றார்.

கோபம் தலைக்கேறியது. ஆனால் என்ன சொல்லித் திட்டுவது? நானும் அதே கொள்கையில்தான் ஒரு ரீலைக் கொன்றிருந்தேன்.

கடைசியில் இணையத்தில் ஒன்று வாங்கினேன். வெள்ளிமலை விலாசத்துக்கு அனுப்ப முடியாது, அந்தப் பின்கோடுக்குச் சேவை இல்லை என்றது. சரி, கள்ளக்குறிச்சிக்கே வரட்டும் என்றேன். வந்தது. பதினைந்து கிலோ இழுப்பைத் தாங்கும் பிரேக் என்று போட்டிருந்தது. பள்ளிக்கூடக் காலத்து வில்தராசு ஒன்று என்னிடம் இருந்தது. ஜன்னல் கம்பியில் ரீலைக் கட்டி, பிரேக்கை முழுக்க இறுக்கி, நரம்பைத் தராசில் மாட்டி இழுத்தேன். ஐந்து கிலோவுக்கே வழுக்கிக்கொண்டு போனது. திருப்பி அனுப்பினேன். அடுத்து ஒன்று கைப்பிடி இல்லாமல் வந்தது. புகார் சொல்லக் கூப்பிட்டால் ஒரு பெண்குரல் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்றது. கைப்பிடி வராததற்கு எந்த எண்ணை அழுத்துவது என்று அந்தக் குரல் கடைசிவரை சொல்லவில்லை.

இப்படியே மாதங்கள் போயின. ஒரு நாள் நான் ஜன்னலில் மூன்றாவது ரீலைக் கட்டிக்கொண்டிருந்தபோது, ஸ்டெல்லா பூண்டு உரித்துக்கொண்டே கேட்டாள்:

"ரீலு தேடறீங்களா, நாள கடத்திக்கினு இருக்கீங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எதைச் சொல்கிறாய் என்றேன்.

"பரங்கிப்பேட்டையில இருந்து வந்த வேட்டியத் தொவச்சது நான். சட்டைப்பை வரைக்கும் மண்ணு. கோலு அணைக்குத்தான்னு என் தம்பிகிட்ட சொல்லிட்டுப் போனீங்க. ரெண்டு வாரத்துல வெளக்கெண்ண பாட்டிலு காலி. இது தெரிய நான் வாத்தியாரா இருக்கணுமா?"

இத்தனை வருஷமும் ஏன் கேட்கவில்லை என்றேன்.

"நான் புடிச்சு நீங்க ஒத்துக்கினா அதுல இன்னா இருக்குது? நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். வருஷந்தான் போவுது."

பூண்டுத் தோலை முறத்தில் தட்டிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அன்றைக்கே ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். பேர்பெற்ற ஒரு கம்பெனியின் கடல் வரிசையில் எல்லாவற்றிலும் கம்மியானது. பேரிங்கு நாலுதான், ஆனால் மூடி போட்டவை. பிரேக் வில்தராசில் சொன்ன சொல்லுக்கு நின்றது. கொஞ்சம் கனம். பரவாயில்லை. இவ்வளவு அலைந்து நான் தெரிந்துகொண்டது வேறு. எந்த ரீலானாலும் கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரை மேலே லேசாகத் தெளித்துத் துடைத்து வைத்தால் பல வருஷம் வரும். வைக்காவிட்டால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதானாலும் போய்விடும். பரங்கிப்பேட்டையில் அந்த மாணவன் வீட்டு வாசலில் ஒரு குழாய் இருந்தது.

மலைக்கு மேல்

பெட்டியைப் பையில் வைத்துக்கொண்டு வெள்ளிமலை பஸ் ஏறினேன். கச்சிராயபாளையம் தாண்டி வளைவுகள் ஆரம்பித்ததும் இறங்கித் திரும்பிவிடலாம்போல் இருந்தது. மலைப்பாதை மேல் பழிபோட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அமல்ராஜ் ஜீப்புக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தான். பெட்டியைக் கொடுத்ததும் கையைப் பேண்டில் துடைத்துவிட்டு வாங்கிப் பிரித்தான். கைப்பிடியைச் சுற்றினான். காதருகே வைத்துச் சத்தம் கேட்டான். பிரேக்கை இறுக்கித் தளர்த்தினான். நல்ல சாமான் மாமா என்றான். சிரித்தான். அப்புறம் அந்தச் சிரிப்பு மெதுவாகப் போனது.

"ஆனா பாய் இல்லாம கடல்ல போயி நான் இன்னா மாமா பண்ணப்போறேன்? எனக்கு அங்க வேற யாரத் தெரியும்?"

மாதக்கணக்கில் நான் போட்ட கணக்கு அந்த இடத்தில் தப்பாகிப் போனது.

சொன்னேன். பரங்கிப்பேட்டையை, அலையை, விளக்கெண்ணெயை, அணைக்கரையில் தெரிந்தே சொன்ன பொய்யை. முன்னுரை எதுவும் இல்லாமல் சொன்னேன்.  நான் முடித்ததும் அவன் ரீலைப் பெட்டிக்குள் வைத்து மூடினான்.

"பாய் அன்னிக்கே சொன்னாரு மாமா" என்றான். "எதிர்லயே கழட்டிக் காட்டினாரு. உள்ள வெள்ளையா பூத்துக்கினு இருந்துச்சு. தம்பி, இது கடலுக்குப் போயி வந்துக்குதுன்னாரு. எங்க மாமா வாத்தியாரு, அணைக்குத்தான் எடுத்தேன்னு சொல்லிக்கிறாரு, அவரு பொய் சொல்ல மாட்டாருன்னேன். அத்தச் சொல்லித்தான் அவர அந்தப் பேச்சு பேசினேன்."

 நான் ஜீப்பின் படியில் உட்கார்ந்தேன்.

அவன் கத்தவில்லை. உள்ளே போய்ச் சாப்பாடு போடச் சொன்னான். கோழி அடித்திருந்தார்கள். நெஞ்சுக்கறியை என் இலையில்தான் வைத்தான். அக்காள் புருஷனுக்குச் செய்ய வேண்டியது எதையும் குறைக்கவில்லை.  கை கழுவத் தண்ணீர் ஊற்றும்போதுதான் சொன்னான்.

"நாளைக்கி கடலூரு போவலாம். நீங்களும் வர்றீங்க."

கேள்வியாகச் சொல்லவில்லை.

காசிம் பாய் கடை

காசிம் பாய்க்கு என் வயதுதான் இருக்கும். அமல்ராஜைப் பார்த்ததும் கையிலிருந்த வேலையை நிறுத்தினார். எழுந்திருக்கவில்லை. கடையில் இரண்டு மூன்று பேர் முள்ளும் நரம்பும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று நான் வாசலில் தயங்கினேன். அமல்ராஜ், "இருக்கட்டும் மாமா. நான் பேசினப்பவும் ஆளுங்க இருந்தாங்க" என்றான்.

நான் சொன்னேன். முந்தின நாள் சொன்னதைவிடச் சுருக்கமாக. பாய் என்னைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் எனக்குப் பதில் சொல்லாமல் அமல்ராஜிடம் திரும்பினார்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்டா. உங்க மாமாவத்தான் சொல்றேன்னு நீயும் வெளங்கிக்கின. இன்னும் ரெண்டு வார்த்த நான் அழுத்திப் பேசியிருந்தா நீ ஊருக்குப் போயி அவர கேட்டிருப்ப. ஒரு ரீலுக்காக உன் அக்கா வூட்டு வாசல்ல நீ சண்டைக்கி நிக்கிறதா? அதான் வுட்டுட்டேன். திட்டிட்டுப் போடான்னு வுட்டுட்டேன்."

அமல்ராஜ் அங்கே நின்ற ஆட்களைப் பார்த்துப் பொதுவாகச் சொன்னான். அன்றைக்கு இதே இடத்தில் பாயை ஏமாற்றுக்காரர் என்று சொன்னவன் நான்தான், அது பொய், பொருளைக் கெடுத்தது எங்கள் ஆள்தான் என்றான். அவர்களில் யாரும் அன்றைக்கு இருந்தவர்கள் இல்லை. புரியாமல் தலையாட்டினார்கள். ஒருவர் முள் விலையைக் கேட்டார்.

பாய் மேஜைக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்து அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். பலமான தட்டுதான். "இத்தினி வருசம் ஒரு போனு போட முடியல உனக்கு" என்றார். எங்கள் இருவருக்கும் டீ வந்தது. என்னிடம் அவர் கடுமையாக எதுவும் பேசவில்லை. சர்க்கரை போடலாமா என்று மட்டும் கேட்டார்.

நான் வாங்கிய ரீலை எடுத்துப் பார்த்தார். "நல்லாத்தான் வாங்கிக்கிறாரு" என்று அமல்ராஜிடம் சொல்லி, அவரே நரம்பைச் சுற்றிக் கொடுத்தார். நரம்பு ஏறும்போது அமல்ராஜ் அதை ஈரத்துணியால் பிடித்துக்கொண்டிருந்தான். காற்று எப்படி, அலை எப்படி, கொடுவா இந்தப் பக்கம் வருகிறதா என்று பேச ஆரம்பித்தார்கள். நான் நாற்காலியில் டீக் கிளாஸோடு உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் போகலாம் என்றார் பாய். வாத்தியாரும் வரட்டும் என்றார்.

"மாமாவுக்கு பஸ்ஸு இருக்குது பாய்" என்றான் அமல்ராஜ்.

எனக்கு அப்படி ஒரு பஸ்ஸும் இருக்கவில்லை. எங்கள் இருவருக்கும் அது தெரியும். ஆமாம், நேரமாகிவிட்டது என்று எழுந்தேன்.

பாயின் ஸ்கூட்டரில் அமல்ராஜ் என்னைப் பஸ் நிலையத்துக்குக் கூட்டிவந்தான். கள்ளக்குறிச்சி வண்டியைத் தேடிப் பிடித்து, வெயில் படாத பக்கமாக ஜன்னல் சீட்டுப் பார்த்து உட்காரவைத்தான். தண்ணீர் பாட்டிலும் பிஸ்கட்டும் வாங்கிவந்து கொடுத்தான். கண்டக்டரிடம் போய், "பெரியவர கொஞ்சம் பாத்து எறக்கி வுடுங்க" என்று சொல்வது என் காதில் விழுந்தது. வண்டி கிளம்பும்வரை ஜன்னலுக்குக் கீழே நின்றான். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. போய்ட்டு வாங்க மாமா என்றான். 

வீட்டுக்கு வந்ததும் தம்பி எங்கே என்று ஸ்டெல்லா கேட்டாள். கடலில் என்றேன்.  அவள் உலை வைக்கப் போனாள்.

அதற்கப்புறம் அவன் இரண்டு முறை கடலுக்குப் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறான், சாப்பிடுகிறான், சௌக்கியம் விசாரிக்கிறான். புது போர் எங்கே போட்டான் என்பதைப் போட்ட பிறகு ஸ்டெல்லா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மீன் பிடித்தால் படம் எடுத்து அனுப்புகிறான். என் போனுக்கு இல்லை, அவளுடையதற்கு. போன மாதம் ஒரு கொடுவா, அவன் முழங்கை நீளம் இருக்கும். அவள் அதை என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். அவன் காட்டச் சொன்னானா என்று நான் கேட்கவில்லை.